பல வருடப் பழக்கம் இருந்தால் வங்கி கடன் தருமா? கடன் உறவிலிருந்து வங்கி எதைத் தெரிந்துகொள்கிறது

கேள்வி இதுதான்: ஒரே வங்கியில் பத்துப் பதினைந்து வருடமாகக் கணக்கு வைத்திருப்பவர் கடன் கேட்டால், அந்தப் பழக்கத்துக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா? உண்டென்றால் வங்கி அதை எப்படி அளக்கிறது?

மதிப்பு உண்டு. ஆனால் வருட எண்ணிக்கைக்கு அதில் சிறிய பங்குதான். பதினைந்து வருடமாக இருக்கும் கணக்கில் மாதம் இரண்டு வரவு மட்டுமே விழுந்திருந்தால், உங்களைப் பற்றி வங்கிக்குத் தெரிந்தது மிகக் குறைவு. கணக்கு தொடங்கி இரண்டே வருடம்தான் ஆகிறது, ஆனால் விற்பனைப் பணம் முழுவதும் அதன் வழியாகவே ஓடுகிறது என்றால், உங்கள் தொழிலின் நாடித்துடிப்பு வங்கியின் கையில் இருக்கிறது. வங்கித் தொழிலில் கடன் உறவு என்பதற்குப் பொருள் இதுவே: வேறு எந்த வங்கிக்கும் கிடைக்காத தகவல், நாளாக நாளாக இந்த ஒரு வங்கியிடம் சேர்ந்துகொண்டே போவது. மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் இருப்பது வேறு விஷயம்.

இந்தத் தகவல் ஏன் இவ்வளவு முக்கியம்? ஐந்தொகையும் (ஆண்டு முடிவில் உள்ள சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியல்) லாபநட்டக் கணக்கும் அடங்கிய ஆண்டறிக்கையின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிதியாண்டு முடிந்து, தணிக்கை நடந்து, கையெழுத்தாகி வர ஆறு மாதம் ஆகிறது என்றால், அது வங்கி மேசைக்கு வரும் நாளில் அதிலுள்ள முதல் மாதத்து நிலவரம் ஒன்றரை வருடம் பழையது. ஒரு சிறு நிறுவனம் நொடித்துப்போக அந்த ஒன்றரை வருடம் தாராளம். நடப்புக் கணக்கும், ஒரு வரம்பு வரை கடனாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓவர்டிராஃப்ட் கணக்கும் நேற்று மாலை வரை நடந்ததைக் காட்டும். அதனால்தான் அனுபவமுள்ள கடன் அதிகாரி, ஐந்தொகையைப் புரட்டுவதற்கு முன்பு கடைசி 12 மாதக் கணக்கு நகலைக் கையில் எடுக்கிறார்.

அவர் எதைப் பார்க்கிறார் என்பதைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஓர் ஓவர்டிராஃப்ட் கணக்கு, வரம்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான தொழிலில் பாக்கி ஏறி இறங்கும். சரக்கு வாங்கும்போது 90 வரை போகும், விற்ற பணம் வந்ததும் 30க்கு இறங்கும். உச்சம் எவ்வளவு என்று எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஒவ்வொரு மாதத்தின் ஆகக் குறைந்த பாக்கியை. அது ஆறு மாதத்தில் 30, 35, 44, 52, 63, 72 என்று ஏறிக்கொண்டே வந்திருந்தால், உச்சம் 95ஐத் தாண்டாமல் இருந்தாலும் நிலைமை மோசம். அந்த 72 இனி இறங்காது, அடியில் உறைந்துவிட்டது. விற்காத சரக்கில் முடங்கியிருக்கலாம், வசூலாகாத பாக்கியில் நிற்கலாம், இயந்திரமோ கட்டடமோ வாங்கப் போயிருக்கலாம், நட்டமாகவே கரைந்தும் போயிருக்கலாம். இயந்திரம் வாங்கியிருந்தால் அந்தப் பகுதியைத் தவணைக் கடனாக மாற்றித் தொழிலைக் காப்பாற்றிவிடலாம். நட்டத்தில் கரைந்திருந்தால் வரம்பை உயர்த்துவது குழியை ஆழமாக்கும். மாதக் கடைசி இருப்பை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் எதுவுமே தெரியாது. கடைசித் தேதிக்குள் எங்கிருந்தாவது பணத்தைப் புரட்டிப் போட்டு, மறுநாள் எடுத்துக்கொள்வது சிரமமான வேலையே இல்லை.

அடுத்தது வரவு. மாத விற்பனை 100 என்று சொல்லியிருக்கிறீர்கள், கணக்கில் 110 வரவு விழுந்திருக்கிறது. நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அதிலிருந்து உங்களுடைய வேறு கணக்கிலிருந்து மாற்றிய 12, வேறு கடன் பட்டுவாடாவாக வந்த 10, போட்டுத் திரும்பிய செக்குகள் 8 ஆகியவற்றைக் கழித்தால் மீதி 80. இதுதான் விற்பனை வரவு. இன்னொரு நுணுக்கமும் உண்டு: வாடிக்கையாளர் வரி சேர்த்துப் பணம் அனுப்புவார், விற்பனைக் கணக்கில் வரி இல்லாத தொகை இருக்கும். இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் பற்றாக்குறை உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். விடுபட்ட தொகை ரொக்க விற்பனையா, வேறு வங்கிக்குப் போகிறதா, இல்லாத விற்பனையா என்ற கேள்வியை இந்தக் கழித்தலுக்குப் பிறகுதான் சரியாகக் கேட்க முடியும்.

செக் திரும்புவதிலும் இரண்டு வகை உண்டு. நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் கை இறுக்கம் உங்களுக்கு. உங்களிடம் வந்த செக் திரும்பினால் இறுக்கம் உங்கள் வாடிக்கையாளருக்கு, அது இரண்டு மூன்று மாதம் கழித்து உங்களிடம் வந்து சேரும். இரண்டாவது வகையைக் கவனிக்கும் வங்கிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கிறது. சம்பளம் போடும் தேதியும் இப்படித்தான். 1ஆம் தேதி போய்க்கொண்டிருந்த சம்பளம் 5, 9 என்று நகர்ந்து, பிறகு இரண்டு தவணையாகப் பிரிந்தால், உரிமையாளர் வாய் திறக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும். தவணை கட்டுவதற்கு முந்தைய இரண்டு நாளில் விழுந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பார்க்கப்படும். விற்பனை வரவிலிருந்து கட்டிய தவணைக்கும், உறவினர் கணக்கிலிருந்து முழு எண்ணாக வந்த தொகையைக் கொண்டு கட்டிய தவணைக்கும் பதிவேட்டில் ஒரே அந்தஸ்துதான்: தாமதமில்லை. கணக்கைத் திறந்து பார்க்கும் வங்கிக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒரே நாளில் ஒரு நிறுவனத்திலிருந்து சகோதர நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரும் தொகைகள் இன்னும் மோசமான அறிகுறி. புரள்வை, அதாவது கணக்கில் ஓடும் மொத்தத் தொகையை, பெரிதாகக் காட்டத்தான் அப்படிச் சுற்றிவிடுவார்கள்.

இதெல்லாம் வெறும் அனுபவ ஞானம் என்று நினைக்க வேண்டாம். லார்ஸ் நோர்டன், மார்ட்டின் வெபர் இருவரும் ஜெர்மன் வங்கி ஒன்றின் தரவுகளை வைத்துச் செய்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், வரம்புப் பயன்பாடு, வரம்பு மீறல், பண வரவு ஆகிய மூன்றும் கடன் தவறுவதற்குச் சுமார் 12 மாதம் முன்பே வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிவிடுவதைக் கண்டார்கள். 12 மாதம் என்பது வங்கிக்குப் பெரிய அவகாசம். பிணையை வலுப்படுத்தலாம், வரம்பைக் குறைக்கலாம், தவணையை மாற்றி அமைக்கலாம்.

சரக்கையும் வசூலாக வேண்டிய பாக்கியையும் ஈடாக வைத்து எடுக்கும் கடனில், சரக்கையும் பாக்கியையும் பட்டியலிட்டு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் இதே வேலையைச் செய்கிறது. எடுப்பு வரம்பு, அதாவது டிராயிங் பவர், எப்படி வருகிறது என்று பாருங்கள். சரக்கு 120. அதில் இன்னும் பணம் கொடுக்காத சரக்கு 30, மீதி 90. மார்ஜின், அதாவது பாதுகாப்புக்காக வங்கி கழித்துக்கொள்ளும் பங்கு, 25 சதவீதம் என்றால் 67.5 தேறும். வசூலாக வேண்டியது 80, மார்ஜின் 40 சதவீதம் என்றால் 48. மொத்தம் 115.5. அனுமதித்த வரம்பு 100 என்பதால் 100 வரை எடுக்கலாம். அந்த 80ல் 30, தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கி என்று வையுங்கள். பழைய பாக்கியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மீதி 50க்கு 30தான் தேறும், மொத்தம் 97.5. ஏற்கெனவே 100 எடுத்திருந்தால், ஒரு பைசா கூடுதலாகத் தொடாமலேயே வரம்பு மீறியவர் ஆகிவிட்டீர்கள். லொரெட்டா மெஸ்டர், லெனார்ட் நாகமுரா, மிஷலின் ரெனோ ஆகியோர் கனடிய வங்கி ஒன்றின் கடன்களை ஆராய்ந்து 2007ல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதுதான். ஈட்டின் மதிப்பைத் தாண்டிக் கடன் நிற்பது, பின்னால் ரேட்டிங் (வங்கி தரும் கடன் தர மதிப்பீடு) இறங்குவதற்கும் கடனைத் தள்ளுபடி செய்ய நேர்வதற்கும் நல்ல முன்னறிவிப்பாக இருந்தது. வாடிக்கையாளரின் வரவு செலவு ஒரே வங்கியில் நடக்கும்போது இதைக் கண்காணிப்பது எளிது.

சரி, இந்தக் கவனிப்பெல்லாம் எண்ணாக மாறுவது எப்படி? வங்கி மூன்று எண்களைப் பெருக்குகிறது: ஒரு வருடத்துக்குள் கடன் தவறும் வாய்ப்பு, தவறினால் எத்தனை சதவீதம் நட்டம், தவறும் நாளில் எவ்வளவு பாக்கி நிற்கும். வங்கிகளுக்கான பன்னாட்டு விதித் தொகுப்பாக 2004ல் வந்த இரண்டாம் பாசல் ஒப்பந்தம் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. பணம் கட்டாமல் 90 நாள் தாண்டினால் கடன் தவறியதாகக் கொள்ளும் வழக்கமும் அதில் உண்டு. வரம்பு 100, பாக்கி 60 என்றால் மூன்றாவது எண்ணாக 60ஐ வைப்பது தவறு. நொடிக்கும் நிறுவனம் கடைசி மாதங்களில் மீதி வரம்பையும் உருவிவிடும். மீதி 40ல் பாதி எடுக்கப்படும் என்று வைத்தால் 80. தவறும் வாய்ப்பு 2 சதவீதம், நட்டம் 40 சதவீதம் என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 0.64. கணக்கின் நடத்தை நன்றாக இருந்து அந்த வாய்ப்பு 1 சதவீதமாக இறங்கினால் 0.32. வட்டியில் நீங்கள் பேரம் பேசக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

புது வாடிக்கையாளருக்கு இந்த வாய்ப்பை விண்ணப்பத்தையும் கடன் தகவல் நிறுவன அறிக்கையையும் வைத்து மதிப்பிடுவார்கள். கணக்கு ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிய பிறகு நடத்தை மதிப்பெண் என்ற தனி மதிப்பீடு உள்ளே வரும், விண்ணப்பத்தில் எழுதியதன் எடை குறைந்துகொண்டே போகும். தனிநபர்களுக்கும் இது பொருந்தும். ஜெர்மன் சேமிப்பு வங்கிகளின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களை மஞ்சு பூரி, யோர்க் ரோஹோல், சாஷா ஷ்டெஃபன் ஆகியோர் ஆராய்ந்தபோது, கடன் கேட்கும் முன்பே அந்த வங்கியில் ஏதாவது ஒரு கணக்கு வைத்திருந்தவர்கள் குறைவாகவே தவறினார்கள். அது சாதாரண சேமிப்புக் கணக்காக இருந்தாலும் பலன் தெரிந்தது. முன்பு கடன் வாங்கிக் கட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

2018 முதல் நடப்பிலுள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதி இன்னொரு அழுத்தத்தைச் சேர்த்தது. நல்ல கடனுக்கு, அடுத்த 12 மாதத்தில் எதிர்பார்க்கும் இழப்புக்கான தொகையை வங்கி முன்கூட்டியே ஒதுக்கினால் போதும். இடர் கணிசமாகக் கூடிவிட்டால் கடனின் முழுக் காலத்துக்கும் ஒதுக்க வேண்டும். 30 நாள் தாமதமானால், வங்கி தக்க காரணம் காட்டி மறுக்காதவரை, இடர் கூடிவிட்டதாகவே கொள்ளப்படும். தவணையில் ஒரு மாதம் தாமதம் என்றால் வாங்கியவருக்குச் சின்ன விஷயம். வங்கியின் ஏட்டில் அதே கடனுக்கான ஒதுக்கீடு பல மடங்கு ஏறக்கூடும்.

எண்ணில் அடங்காத தகவலும் இருக்கிறது. கிடங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகளின் மேல் தூசி படிந்திருக்கிறதா, எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது, பழைய கணக்காளர் ஏன் போனார், தந்தைக்குப் பிறகு தொழிலை யார் பார்ப்பார்கள், கெட்ட செய்தியை உரிமையாளர் தானாகச் சொல்கிறாரா இல்லை கேட்டால்தான் சொல்கிறாரா. நேரில் போய்ப் பழகிய அதிகாரிக்குத்தான் இது தெரியும். இதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: இந்த அறிவு தலைமை அலுவலகத்துக்கு ஏறிப் போவதில்லை. “உரிமையாளர் நாணயமானவர்” என்று கோப்பில் எழுதினால், பார்க்காதவர் அதை எப்படிச் சரிபார்ப்பது? பொருளியல் அறிஞர் ஜெரமி ஸ்டைன் 2002ல் முன்வைத்த வாதத்தின் சாரம் இது. முடிவெடுக்கும் அதிகாரம் மேலே போகப் போக, கீழே இருப்பவர் இப்படிப்பட்ட தகவலைத் தேடிச் சேர்க்கும் ஆர்வமே குறைந்துவிடும். சிறு நிறுவனங்களுக்குச் சிறிய வங்கிகள் பல சமயம் பொருத்தமாக அமைவதற்கு இது ஒரு காரணம். இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்ட, எண்கள் தரும் ரேட்டிங்கை அதிகாரி ஓரிரு படி ஏற்றி இறக்க வங்கிகள் அனுமதிப்பதுண்டு. காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், பின்னால் அந்தக் காரணம் பலித்ததா என்று பார்க்கவும் வேண்டும். ஏற்றியவை மட்டும் நூறு, இறக்கியது ஒன்றுமில்லை என்று ஒரு கிளை காட்டினால், அங்கே தகவல் வேலை செய்யவில்லை, தாட்சண்யம்தான் வேலை செய்கிறது.

தாட்சண்யம் என்ற இந்த நோயை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தான் கொடுத்த கடன் கெட்டுவிட்டது என்று சொல்வது, தன் முடிவு தப்பு என்று தானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அதனால் தவணை வரும் வாரத்தில் ஏறக்குறைய அதே தொகைக்குப் புதுக் கடன் பிறக்கும், வட்டி ஓவர்டிராஃப்டிலிருந்தே கழியும், ஏட்டில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். 1990களில் ஜப்பானிய வங்கிகள், தேறாத நிறுவனங்களுக்கு இப்படியே உயிர் கொடுத்துக்கொண்டிருந்ததால், நன்றாக நடந்த நிறுவனங்களும் அடிபட்டன. இதற்கு மருந்தாக அதிகாரிகளைச் சுழற்சியில் மாற்றுவது வீண் சடங்கு என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. பலன் இருக்கிறது. பன்னாட்டு வங்கி ஒன்றின் அர்ஜென்டினா பிரிவில் அதிகாரிகளை மூன்று வருடத்துக்கொரு முறை மாற்றும் விதி இருந்தது. அதை ஹெர்ட்ஸ்பெர்க், லிபெர்ட்டி, பரவிசினி மூவரும் ஆராய்ந்தார்கள். மாற்றம் நெருங்கும் சமயத்தில் அதே அதிகாரிகளின் அறிக்கைகளில் கெட்ட செய்தி கூடியது, துல்லியமும் கூடியது. அடுத்து வருபவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்ற நினைப்பே உண்மையை எழுத வைத்தது. புதுப்பித்தல் கோப்பைக் கிளைக்கு வெளியே ஒருவர் படித்து, “இவர் இன்று முதல் முறையாக வந்திருந்தால் இந்தத் தொகையைக் கொடுப்போமா?” என்று கேட்பதும் நல்ல பலன் தரும்.

வாங்குபவர் பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. உங்களை ஒரு வங்கிக்கு மட்டும் நன்றாகத் தெரியும் என்றால், மற்ற வங்கிகள் உங்களைத் தெரியாதவராகவே நடத்தும். நீங்கள் வெளியே போகத் தயங்குவீர்கள் என்பது உங்கள் வங்கிக்கும் தெரியும், வட்டியில் அது எதிரொலிக்கும். வாசோ இயோவனிடூ, ஸ்டீவன் ஓங்கெனா இருவரும் பொலிவியாவின் கடன் பதிவேட்டை வைத்து இதைக் காட்டினார்கள். வங்கி மாறிய நிறுவனங்களுக்குப் புது வங்கி குறைந்த வட்டி கொடுத்தது, சிறிது காலம் இன்னும் குறைத்தது, பிறகு மளமளவென்று ஏற்றியது. புது உறவும் பழைய உறவாகிவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்கச் சிறு நிறுவனங்களை ஆராய்ந்த பீட்டர்சன், ராஜன் இருவரும் 1994ல் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வங்கியோடு நெருக்கம் கூடினால் கடன் கிடைப்பது எளிதாகிறது, வட்டி குறைவது அந்த அளவுக்கு இல்லை. பெர்கர், உடெல் இருவரும் 1995ல் ஓவர்டிராஃப்ட் போன்ற வரம்புக் கடன்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, நீண்ட உறவுக்கு வட்டியும் குறைந்திருந்தது, பிணை கேட்பதும் குறைந்திருந்தது. கணக்கின் ஓட்டம் வங்கிக்கு அதிகம் தெரிவது இந்த வகைக் கடனில்தான் என்பதோடு இது பொருந்திவருகிறது.

ஆகவே கடன் வாங்கப் போகிறவர் செய்யக்கூடியது என்ன? விற்பனை வரவை ஐந்து கணக்குகளில் சிதறவிடாமல், கடன் கேட்கப்போகும் வங்கியில் குறைந்தது 12 மாதம் முன்பிருந்தே ஓடவிடுங்கள். மூன்று வங்கிகளில் மூன்றில் ஒரு பங்காக ஓடவிட்டால் மூவருக்கும் உங்கள் தொழில் மூன்றில் ஒரு பங்காகத்தான் தெரியும். கடன் பட்டுவாடா, சொந்தப் பணம், விற்பனை வரவு ஆகியவற்றின் விவரக் குறிப்பைத் தெளிவாக எழுதுங்கள், கழிக்கும்போது தவறாக விற்பனையே கழிந்துபோகாமல் இருக்கும். வரம்பை எப்போதும் விளிம்பு வரை எடுக்காதீர்கள், மாதத்தில் சில நாளாவது பாக்கி நன்றாக இறங்கட்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தாமதமானால் எதையோ மறைப்பதாகவே படிக்கப்படும், எனவே எண்கள் மோசமாக இருந்தாலும் தேதிக்குள் கொடுங்கள்.

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார் என்றால், தவணை தவறும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். இதில் தயங்குகிறவர்கள்தான் அதிகம், தயக்கத்தால் நட்டப்படுகிறவர்களும் அவர்களே. 30 நாள் கடப்பதற்கு முன்பு அதிகாரிக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும் மாற்றி அமைக்கவும் வழி இருக்கும். வசூல் அட்டவணை ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும். 90 நாள் கடந்த பிறகு அதே அதிகாரி விரும்பினாலும் அவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது, கோப்பு வசூல் பிரிவுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது வங்கி வேண்டுமா என்றால், தொழில் ஓரளவு வளர்ந்த பிறகு வேண்டும். மொத்தப் புரள்வில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே ஓடினாலும் அவர்களுக்கு உங்கள் நடத்தை தெரியவரும், முதல் வங்கியோடு வட்டி பேசும்போது உங்கள் குரலுக்கும் பலம் கூடும். முதல் வங்கியிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் குறைந்த வரவைப் பார்த்து விற்பனை விழுந்துவிட்டதாக எழுதிவிடுவார்கள். முழுவதுமாக வங்கி மாறுவதென்றால், பழைய வங்கியில் சேர்ந்த தகவலில் பெரும்பகுதி உங்களோடு வராது. கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் பெரும்பாலும் தொகை, தாமதம், முடித்த தேதி போன்ற விவரங்கள்தான் இருக்கும். அதனால் 24 மாதக் கணக்கு நகல், அதே காலத்து ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டுகள், ஒவ்வொரு புதுப்பித்தலின் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் உறவு சுமுகமாக இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.